பாயி கேட்ட முதல் வார்த்தை

மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடு முழுக்க அதையே தேடுகிற என் வயதுக் கூட்டமே, உங்களுக்குத்தான் இது. நம் பிள்ளைகள் பயப்படுகிற விஷயங்களே வேறு. நமக்கு அந்த வயதில் ஆளுக்கொரு சத்தத்தின் மேல் பயம் இருந்திருக்கும். எனக்கு போங்கா.

புனேயில் தொழிற்சாலைச் சங்கை அப்படித்தான் சொல்வார்கள். எங்கள் லைன், தொழிலாளர் குடியிருப்பு வரிசை, கோர்படியில், ரயில் தண்டவாளத்துக்கும் ராணுவ மதில் சுவருக்கும் நடுவில் இருந்தது. வீட்டுக்கு ஒரே அறை, ஒரு சமையல் மூலை, ஒரு தகரக் கதவு. அப்பா வெடிமருந்துத் தொழிற்சாலையில் ஃபில்லிங் செக்‌ஷன், அதாவது குண்டுக்குள் மருந்து அடைக்கிற இடம். போங்கா ஒரு தரம் ஊதினால் ஷிப்ட். விட்டு விட்டு ஊதினால் ஒத்திகை. நிறுத்தாமல் ஊதினால் என்ன என்று யாரும் பிள்ளைகளிடம் சொன்னதில்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்திருந்தது.

ஃபில்லிங் செக்‌ஷன் ஆட்கள் வீட்டில் தீபாவளிக்குப் பட்டாசு கிடையாது. கம்பி மத்தாப்புகூடக் கிடையாது. அப்பாவின் சட்டையை அம்மா எங்கள் துணியோடு சேர்த்து ஊறவைக்கமாட்டாள், அடுப்புப் பக்கம் கொண்டுவரவும் மாட்டாள். பக்கத்து லைன் பிள்ளைகள் புனே வழக்கப்படி தீபாவளிக்கு மண்ணில் கோட்டை கட்டி, களிமண் சிப்பாய்களை நிறுத்தி, அதன் பக்கத்தில் சரவெடி கொளுத்துவார்கள். நாங்கள் கோட்டை மட்டும் கட்டிவிட்டுக் காதைப் பொத்திக்கொள்வோம்.

போங்காவைவிடப் பெரிய பயம் ஒன்றும் எனக்கு இருந்தது. அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. அது அப்பா, அம்மா, நான் மூன்று பேருக்கு மட்டும் தெரிந்த ரகசியம். வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து வேலைக்குச் சேரும்போது அவர் கொடுத்த ஐந்தாம் வகுப்புச் சர்டிஃபிகேட், சின்ன வயதில் அம்மை கண்டு இறந்துபோன பெரியப்பாவுடையது. தொழிற்சாலையில் அப்பா பெரியப்பாவின் பெயரில்தான் இருந்தார். பெரியப்பாவின் வயதும் கூடவே வந்துவிட்டதால் இரண்டு வருஷம் முன்னதாகவே ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள் என்பது பிற்பாடு நடந்தது.

"வெளிய தெரிஞ்சா வேலையும் பூடும், வூடும் பூடும். உங்கப்பாவ உள்ள வெச்சிடுவாங்க. வாயத் தொறந்த, சூடு வெச்சிடுவேன்" என்பாள் அம்மா. சூடு வைத்ததே இல்லை. வைத்திருந்தால்கூட அந்தப் பயம் கொஞ்சம் குறைந்திருக்கும் என்று தோன்றுகிறது.

ரகசியத்தைக் காப்பாற்ற அப்பா ஒரு வேலை செய்வார். சென்னையிலிருந்து ரயிலில் ஒரு நாள் தாமதமாக வரும் தமிழ்ப் பேப்பரை வாங்கிக்கொண்டு சாயங்காலம் வாசலில் உட்காருவார். நாலு பேர் பார்க்கும்படி பக்கம் புரட்டுவார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "எங்க, இந்தச் சேதியப் படி. உனுக்கு எவ்ளோ வருதுன்னு பாக்கறேன்" என்பார். இதில் ஒரு சங்கடம். நான் படித்தது கண்டோன்மென்ட் இந்திப் பள்ளிக்கூடம். எனக்கும் தமிழ் படிக்கத் தெரியாது. படத்தைப் பார்த்து நானே செய்தி கட்டிச் சொல்வேன். ஒரு மந்திரி தண்ணீர்த் தொட்டியைத் திறந்தார், அதில் ஒரு முதலை இருந்தது என்று ஒரு நாள் படித்தேன். அப்பா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். கண்ணாடி உடைந்துவிட்டது என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்த கோடி வீட்டு மாமா, அந்த முதலையை மறுநாள் லைன் முழுக்கக் கொண்டுபோனார். அவருடைய கண்ணாடி ஏன் ரிப்பேர் ஆகவே இல்லை என்பது எனக்கு இப்போதுதான் விளங்குகிறது.

இந்த விளையாட்டுக்குப் பின்னால் விளையாட்டில்லாத ஒன்று இருந்தது. மருந்துக் கட்டடங்களுக்குள் போகும்போது பையில்லாத உடுப்பு, ஆணி இல்லாத செருப்பு. துண்டுச் சீட்டுகூடக் கொண்டுபோக முடியாது. ஒவ்வொரு கட்டடத்துக்கு வெளியேயும் ஒரு பலகை. உள்ளே எத்தனை ஆள் இருக்கலாம், எவ்வளவு மருந்து இருக்கலாம் என்று இந்தியில் எழுதியிருக்கும். பெரும்பாலும் மேஸ்திரி வாயாலேயே சொல்லிவிடுவார். சொல்லாமல் புதிதாக ஏதாவது எழுதினால் அப்பா அதை உருவமாக மனசில் வாங்கிக்கொண்டு வருவார்.

வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திவிட்டு, சொம்பில் விரலை நனைத்து, சிமெண்டுத் தரையில் வரைவார். முதலில் மேலே ஒரு நீளக் கோடு, துணி காயப்போடும் கொடி மாதிரி. அப்புறம் அதிலிருந்து ஒவ்வோர் எழுத்தாகத் தொங்கவிடுவார். வெயில் காலத்தில் கடைசி எழுத்தை வரைவதற்குள் முதல் எழுத்து காய்ந்துவிடும். நான் மண்டியிட்டு ஓட ஓடப் படிப்பேன். படித்ததும் அம்மா ஈரத்துணியால் துடைத்துவிடுவாள். அழிப்பதற்கு ஒன்றுமே இருக்காது, ஆனாலும் துடைப்பாள்.

அந்த மழைக்காலத்தில்தான் பாயி வந்தார். மராத்தியில் டீச்சரம்மாவை பாயி என்பார்கள். ஐம்பது வயதிருக்கும். நூல் புடவை, ஆண்கள் கட்டுகிற மாதிரி பெரிய கைக்கடிகாரம், சேற்றில் அடிக்கடி நின்றுவிடுகிற ஒரு மொபெட். கல்லூரியில் பேராசிரியையாக இருந்து, அதை விட்டுவிட்டுக் கரும்பு வெட்டுகிறவர்களின் குடிசைகளுக்குப் போய்ப் பாடம் நடத்தியவர். பெரியவர்கள் எப்படிக் கற்கிறார்கள் என்பதைப் பற்றி நம் பக்கத்தில் முதன்முதலாக உட்கார்ந்து யோசித்து எழுதியவர்களில் ஒருவர் என்று பின்னாளில் படித்தேன். அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், சமாஜ் மந்திரில், அதாவது லைனின் பொதுக்கூடத்தில், ஒரு பாயி எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுக்கிறார் என்பதுதான்.

"டீ குடுத்து பேரு எழுதிக்கினு போவா. எவன் எவனுக்குப் படிக்கத் தெரியாதுன்னு லிஸ்ட் எடுத்து ஃபேக்டரில குடுத்துடுவா. அப்றம் ஒவ்வொருத்தனா சுட்டிதான், வேலைய வுட்டுத் தூக்கிடுவாங்க" என்றார் கோடி வீட்டு மாமா. லைன் முழுக்க நம்பியது. ஒரே வாரத்தில் எங்கள் லைனில் படிக்கத் தெரியாத ஆண்பிள்ளை ஒருவர்கூட இல்லாமல் போய்விட்டார். வாசலுக்கு வாசல் பேப்பர்.

பெண்கள் மட்டும் போனார்கள். நானும் எட்டிப் பார்க்கப் போனேன். பாயியிடம் சிலேட்டு இல்லை, பலப்பம் இல்லை, அ-ஆ இல்லை. டீ குடித்து முடித்ததும் ஒரே கேள்விதான் கேட்டார். உங்களை எந்த வார்த்தை பயமுறுத்தியது? படிக்கத் தெரியாததால் எந்த வார்த்தைக்கு முன்னால் நடுங்கி நின்றீர்கள்? அதுதான் உங்கள் முதல் பாடம் என்றார்.

 பக்கத்து வீட்டு அத்தைதான் முதலில் ஆரம்பித்தாள். காய்ச்சல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக பஸ் ஏறியிருக்கிறாள். பலகை படிக்கத் தெரியாமல் ஏறிய பஸ் அவளை ஊர்க்கோடி ஹடப்சரில் கொண்டுபோய் இறக்கிவிட்டது. மழையில் யாரிடம் கேட்பது என்று தெரியாமல் குழந்தையோடு நின்றாளாம். சொல்லும்போதே அழுதாள். பாயி பழைய காலண்டரின் பின்பக்கத்தில் கையகலத்துக்கு 'ஹடப்சர்' என்று எழுதி அத்தையின் மடியில் வைத்தார். அந்த ஒரு வார்த்தையிலிருந்தே அன்றைக்கு எல்லோரும் எழுத்துகளைப் பிய்த்து எடுத்துக் கற்றார்கள்.

எனக்கு அது பிடித்திருந்தது. பயமாகவும் இருந்தது. இந்த அம்மாளிடம் அப்பா மாட்டினால் எல்லாவற்றையும் சொல்லிவிடுவார் என்று தோன்றியது. ஒரு நாள் பாயி என்னிடம், "உன் அப்பா என்ன வேலை செய்கிறார்?" என்று சும்மாதான் கேட்டார். "அப்பா நிறையப் படித்தவர். தினமும் பேப்பர் படிப்பார்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு ஓடிவந்துவிட்டேன். கேட்காத கேள்விக்கு யார் பதில் சொல்வார்கள் என்பது பாயிக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை. பள்ளிக்கூடத்துக்குத் தீபாவளி லீவு விட்டாயிற்று. அப்பா வந்து, கதவைச் சாத்தி, சொம்பில் விரலை நனைத்தார். மேஸ்திரி நாலு நாளாக லீவு, திங்கட்கிழமைதான் வருவாராம். கிளம்புகிற நேரத்தில் யாரோ வந்து நாலாம் நம்பர் கட்டடத்தின் பலகையில் புதிதாக எழுதிவிட்டுப் போனார்களாம். திங்கட்கிழமை காலையில் அந்தக் கட்டடத்தை முதலில் திறந்து உள்ளே மருந்து டிரேக்களை எடுத்துப்போகிறவர் அப்பாதான்.

கோடு போட்டார். எழுத்துகளைத் தொங்கவிட்டார். முதல் வார்த்தை பிரவேஷ். அது எனக்கு நன்றாகத் தெரியும். ஒவ்வொரு ஜூன் மாதமும் எங்கள் பள்ளிக்கூட வாசலில் 'பிரவேஷ் சுரூ' என்று, சேர்க்கை தொடக்கம் என்று, பலகை தொங்கும். இரண்டாவது வார்த்தை நிஷித்த். எழுத்துக் கூட்டிவிட்டேன், அர்த்தம் தெரியவில்லை.

"இன்னா போட்டுகீது?" என்றார் அப்பா.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அதுவரை ஒரு தடவைகூட அப்பாவிடம் நான் அப்படிச் சொன்னதில்லை. வகுப்பில் முப்பத்து மூன்றாவது ரேங்க் வாங்குகிற எனக்கு, அந்தத் தரையின் முன்னால் மட்டும்தான் மரியாதை இருந்தது. எழுத்து காய்ந்துகொண்டிருந்தது.

"நாலாம் நம்பர்ல உள்ள போலாம்னு போட்டிருக்குப்பா. தொறந்துட்டாங்களாம்."

அப்பா என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். "சர்தான்" என்று எழுந்துபோனார். அம்மா துடைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. திங்கட்கிழமை அப்பா சைக்கிளில் கிளம்பிப் போனபிறகு பக்கத்து லைனில் ஏழாவது படிக்கிற அக்காவிடம் போய், நிஷித்த் என்றால் என்ன என்று கேட்டேன். கோட்டைக்குச் செம்மண் குழைத்துக்கொண்டிருந்தவள் நிமிராமலே, "மனாயி. போகக்கூடாது" என்றாள்.

நான் என்ன செய்தேன் என்பது துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. அவள் கையிலிருந்த செம்மண். என் காலில் ஒரு செருப்பு மட்டும் இருந்தது. வீட்டுக்கு ஓடினேன், அம்மா குழாயடிக்குப் போயிருந்தாள். அப்போது போங்கா ஊத ஆரம்பித்தது. ஒன்று என்று எண்ணினேன். நிற்கும் என்று காத்திருந்தேன். நிற்கவில்லை. லைனில் இருந்த எல்லாத் தகரக் கதவுகளும் திறந்தன. எங்கோ யாரோ சரவெடி கொளுத்த, ஒரு பெண் அந்தப் பக்கம் மண்ணை வாரித் தூற்றிச் சபித்தாள். ரயில்வே கேட்டுக்கு அப்பால் புகை தெரிந்தது. நான்தான் அப்பாவைக் கொன்றேன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பத்து வயதில் அதைத் தெரிந்துகொண்டு நின்றேன். அந்தப் பயத்தை நான் மறுபடி எங்கும் பார்த்ததில்லை, பிரசவத்திலும் பார்த்ததில்லை.

பெண்கள் எல்லோரும் தொழிற்சாலை வாசலுக்கு ஓடினார்கள். நான் எதிர்ப்பக்கம், சமாஜ் மந்திருக்கு ஓடினேன். பாயி காலண்டர் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார். அவர் புடவையைப் பிடித்துக்கொண்டு, "அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. சர்டிஃபிகேட் பெரியப்பாவோடது. பலகை படிக்கத் தெரியாது" என்று கத்தினேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், ஒன்றைத் தவிர. நான் பொய் சொன்னதைச் சொல்லவில்லை. அப்பாவைக் காட்டிக்கொடுத்தேன், என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

 பயப்படாதே என்று அவர் சொல்லவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, வாசற்படியில் என்னோடு உட்கார்ந்தார். போங்கா நின்றது. அது இன்னும் மோசமாக இருந்தது.

மத்தியானம் அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஓட்டவில்லை, தள்ளிக்கொண்டுதான் வந்தார். காலில் ஆணியில்லாச் செருப்பு, மாற்றக்கூட இல்லை. பின்னாலேயே அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வந்தாள். நாலாம் நம்பர் கட்டடம் எரிந்துவிட்டது. கண்ணாடி தெறித்து வெளியே நின்ற இரண்டு பேருக்குக் காயம். உள்ளே ஆள் யாரும் இல்லை. எப்படி இல்லை என்று நான் கேட்கவில்லை. கேட்டால் என் பொய் வெளியே வரும். கடவுள் காப்பாற்றினார் என்று அம்மா சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டேன்.

தீபாவளி முடிந்து ஒரு சாயங்காலம் பாயி எங்கள் வாசலுக்கு வந்தார். நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். ஆனால் அவர் சர்டிஃபிகேட் பற்றி மூச்சே விடவில்லை. "அண்ணா, மருந்துக் கட்டடத்துக்குள் போகிற ஒழுங்குமுறை எனக்குத் தெரியாது. கூடத்தில் வந்து எங்களுக்குச் சொல்லித் தருவீர்களா?" என்று இந்தியில் கேட்டார். தன்னிடம் ஒரு படித்தவர் கற்றுக்கொள்ள வருவதை அப்பா அதுவரை பார்த்ததில்லை. தலைவாரிக்கொண்டு போனார்.

ஒரு மணி நேரம் பேசினார். எந்தக் காலை முதலில் வைப்பது, இரும்பு எங்கே கழற்றுவது, எட்டுப் பேர் கட்டடத்தில் ஒன்பதாவது ஆள் ஏன் நுழையக்கூடாது எல்லாம். பாயி குறித்துக்கொண்டார். கடைசியில், எல்லோரிடமும் கேட்கிற கேள்வியை அப்பாவிடமும் கேட்டார். உங்களைப் பயமுறுத்திய வார்த்தை எது?

நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்பா டீ டம்ளரில் விரலை விட்டார். தரையில் நீளக் கோடு போட்டார். நிஷித்த் என்று எழுதினார். ஒரு கொம்பு, ஒரு சுழி தப்பாமல் எழுதினார். கூடத்திலிருந்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். பாயி அதை அப்படியே குறித்துக்கொண்டார். அது எந்தப் பலகையின் வார்த்தை என்று எனக்கு மட்டும் தெரிந்தது. அடுத்த வாரம் கோடி வீட்டு மாமா, உடைந்த கண்ணாடியோடு கூடத்துக்கு வந்தார்.

பாயி இரண்டு வருஷம் வந்தார். பிறகு அவரை வெளியூர்ப் பல்கலைக்கழகங்களிலெல்லாம் கூப்பிட்டார்கள். அப்பா இந்தி படித்தார், பலகை படித்தார். தமிழ்ப் பேப்பரை மட்டும் அவர் கடைசிவரை படிக்கவில்லை, நானும் அவர் காலத்துக்குப் பிறகுதான் படிக்கக் கற்றேன்.

பதினைந்து வருஷம் கழித்து நான் ஹடப்சரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் டிரெயினிங் பிரிவில் இருந்தேன். பக்கத்து வீட்டு அத்தை நடுங்கிய அதே ஊருக்கு தினமும் கம்பெனி பஸ்ஸில் போய்வந்தேன். பெரியவர்களுக்கு எப்படிக் கற்பிப்பது என்று எங்களுக்கே ஒரு வகுப்பு. திரையில் பாயியின் படம் வந்தது. அதே கைக்கடிகாரம். அவருடைய பயச்சொல் கொள்கைதான் அன்றைய பாடம். எங்கள் ஆட்கள் அதற்கு 'பெயின் பாயிண்ட்' என்று பெயர் வைத்து ஸ்லைடு போட்டுவிட்டார்கள். அவர் புத்தகத்தைத் தேடி வாங்கினேன். அதில் எங்கள் சமாஜ் மந்திர் இருந்தது. ஈரவிரலால் எழுதிய ஒரு தொழிலாளி இருந்தார். அவர் ஏன் அந்த வார்த்தையைத் தேர்ந்தெடுத்தார் என்று இரண்டு பக்கம் எழுதியிருந்தார் பாயி. வாழ்க்கை முழுக்க வேலிகளும் தடைகளுமாக இருக்கிற ஒரு மனிதன், தன்னை அடக்கிவைத்த சொல்லையே முதலில் கைப்பற்றினான் என்று விளக்கம். நன்றாகத்தான் இருந்தது. பாதி உண்மையை வைத்துக்கொண்டு பாவம் அவரால் அவ்வளவுதான் முடியும். மீதிப் பாதியை நான்தான் கொடுக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாணேரில் என் ஃப்ளாட்டுக்கு அப்பா வந்திருந்தார். அம்மா அப்போது உயிரோடு இல்லை. அந்த இரண்டு பக்கத்தையும் தமிழில் சொன்னேன். சிரித்தார்.

"அவ்ளோல்லாம் நா யோசிக்கலயே."

பதினைந்து வருஷப் பயம் அப்போதுதான் வாயைத் திறந்தது. "அப்பா, அன்னைக்கு எனக்கு அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியாது. பொய் சொன்னேன்" என்றேன்.

"தெரியும்."

"எப்போ தெரியும்?"

"அப்பவே தெரியும். நீ பேப்பர் படிக்கறப்ப மூக்கச் சொறிவ. மொதலை வந்தப்பக்கூட சொறிஞ்ச. தரையில எழுத்து படிக்கறப்ப ஒரு நாளும் சொறிய மாட்ட. அன்னிக்கி சொறிஞ்ச." டீயை ஒரு வாய் குடித்தார். "திங்கக்கெழம போனதும் மேஸ்திரிகிட்ட நேரா போயி, எனக்குப் படிக்கத் தெரியாது, பலகையில இன்னா போட்டுகீதுன்னு கேட்டுட்டேன். வேல போனா போவட்டும்னுதான் கேட்டேன். அவரு, பன்னெண்டு வருசமா எனக்குத் தெரியும்யா, இன்னிக்காவது கேட்டியேன்னாரு. பேசிகினு நிக்கறப்பவே எரிஞ்சுது."

"என்னை ஏன்பா ஒரு வார்த்தை திட்டலை?"

"பத்து வயசுப் பொண்ணு கையில அந்தக் கட்டடத்து எட்டு பேரு உசுரக் குடுத்தவன் நானு. உன்ன எங்க திட்றது?"

நான் அழுதேன். அவர் அதைப் பார்க்காத மாதிரி ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அப்புறம், "அந்த வார்த்தைய ஏன் எழுதுனேன்னுதான அந்தம்மா ரெண்டு பக்கம் எழுதிகீறாங்க? நம்ம ரெண்டு பேருக்குமே தெரியாத வார்த்தை அது. ஒருத்தராவது கத்துக்கணும் இல்ல?" என்றார்.

அப்பா இப்போது இல்லை, பாயியும் இல்லை. நான் இன்னும் டிரெயினிங்கில்தான் இருக்கிறேன். வருஷத்துக்கு நாலு தடவை அந்த ஸ்லைடைப் போட்டு, ஈரவிரல் தொழிலாளி ஏன் அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தார் என்பதைப் புத்தகத்தில் இருக்கிறபடியே இளம்பிள்ளைகளுக்கு விளக்குகிறேன். அவர்கள் குறித்துக்கொள்கிறார்கள். போன மாதம் முன்வரிசையில் ஒரு பெண் எழுதுவதை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் கவனித்தேன், என் விரல் மூக்கைச் சொறிந்துகொண்டிருந்தது.